கேட்காமல் தொட்ட கைகள்

மாசி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே அச்சடித்த தாள் நாலைந்து, முழுக்க இங்கிலீஷ். அனுப்பியவர் ஜெகநாதன். நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது டாக்டர். ஓரத்தில் தமிழில் ஒரு வரி, 'உங்கள் உதவியை மறக்கமாட்டேன்' என்று. காலேஜில் படிக்கிற என் கொழுந்தன் மகன் அந்தத் தாள்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். அறுபத்தாறு வயதுள்ள ஒரு வியாபாரி, அவருக்கு வந்த நோய், இந்தத் தேதியில் ரத்தத்தில் இவ்வளவு, அந்தத் தேதியில் அவ்வளவு. கடைசிப் பக்கத்தில், நோயாளி எல்லாச் சோதனைக்கும் முழு மனதோடு ஒத்துழைத்தார் என்று போட்டிருந்தது.

"அந்த வரியை இன்னொருக்காப் படி சாமி" என்றேன். படித்தான். என் வீட்டுக்காரர் இவர், பட்டியில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ இல்லையோ, திரும்பவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில்கூட அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டேன். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன். இவரிடம் கேட்டேன், எழுதட்டுமா என்று. "எழுது. என் பேரை மட்டும் போடாதே" என்றார். அந்தப் பேரை வாயால் சொல்லியே அறியாதவள், கையால் எழுதிவிடுவேனா.

இவருக்கு ஆட்டுத் தரகு தொழில். மேச்சேரிச் சந்தையில் இவரைத் தெரியாத ஆட்டுக்காரர் கிடையாது. சந்தை நாளில் விடியுமுன் போனால் வெயில் சாய்ந்துதான் வருவார். நோய் எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. ஒரு வருஷமாகவே சிறுநீர் சரியாகப் போகவில்லையாம். சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வேலி ஓரம் போவாராம், நின்றுவிட்டுச் சொட்டுச் சொட்டாகப் போய்விட்டு வருவாராம். என்னிடம் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று தானே வைத்தியம் பார்த்து, நெருஞ்சி முள்ளைக் காய்ச்சிக் குடித்திருக்கிறார். ஒரு நாள் காலை சுத்தமாக அடைத்துக்கொண்டது. அடிவயிறு பானை மாதிரி வீங்கி, வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றார். பருத்தி ஏற்றப் போன லாரியில் முன்பக்கம் உட்காரவைத்துச் சேலம் கொண்டுவந்தோம். குலுங்கும்போதெல்லாம் அவர் பிடித்த பிடியில் என் தோள் கன்றிப்போனது.

அது பெரிய ஆஸ்பத்திரி. பெயர் எழுதவில்லை. வெளியூர்க் காலேஜிலிருந்து டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து, சில மாதம் தங்கித் தொழில் படித்துப் போவார்கள். போன உடனே ரப்பர் குழாய் விட்டு நீரை எடுத்தார்கள். இவர் விட்ட மூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தப் புண்ணியத்தை நான் மறுக்கவில்லை. அன்று அவர்கள் இல்லாவிட்டால் இவர் இல்லை.

என்ன நோய் என்று எங்களுக்குச் சொன்னவர் வார்டு நர்சு ஆரோக்கியமேரி. சேலத்துக்காரர், கோயிலுக்குப் போகாமல் வேலைக்கு வரமாட்டார், சிலுவைச் சங்கிலி கழுத்தில் இருக்கும். எல்லாரும் சிஸ்டர் என்பார்கள். ஆண்களுக்கு மட்டும் மூத்திரப் பையின் கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், கொட்டைப்பாக்கு அளவு. புராஸ்டேட் என்று பெயர். வயதானால் அது பெருத்து வழியை அடைக்கும். சும்மா பெருத்தால் பயமில்லை. கல் மாதிரிக் கெட்டிப்பட்டிருந்தால் புற்றாக இருக்கலாம். இவருக்கு ஒரு பக்கம் கெட்டியாக இருந்தது. ஊசியால் துளி சதை எடுத்து மதராசுக்கு அனுப்பினார்கள். பதில் வரப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் வெராந்தாவில், சுவரில் காரை பெயர்ந்த ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது. புற்றுதான்.

அதற்கப்புறம் ஒரே கேள்விதான். அந்தக் கொட்டைப்பாக்கோடு நிற்கிறதா, எலும்புக்குப் போய்விட்டதா. எலும்புக்குப் போகாவிட்டால் அடைப்பை மட்டும் எடுத்துவிட்டு, மாதா மாதம் வந்து காட்டிக்கொண்டு இருக்கலாம். போயிருந்தால் வேறு வைத்தியம். இடுப்பெலும்பைப் படம் பிடித்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் படத்தில் தெரிவதற்கு முன்பே ரத்தம் சொல்லிவிடும் என்றார் பெரிய டாக்டர். அந்தச் சுரப்பியில் ஊறுகிற ஒரு சரக்கு ரத்தத்தில் கொஞ்சம்தான், நாலுக்குள்தான், இருக்க வேண்டும். நோய் வெளியே பரவினால் அது கூடும். அதை அளக்கிற சோதனையை அந்த ஆஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும்தான் செய்வார்கள். காலை பதினோரு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள்.

எடுக்க வருகிறவர்தான் ஜெகநாதன். தஞ்சாவூர்ப் பக்கம். மற்ற பிள்ளைகள் பாடம் படிக்க வந்தவர்கள், ஜெகநாதன் அதோடு ஆராய்ச்சியும் பழக வந்தவர். இந்த நோய் உள்ளவர்களின் ரத்த அளவையெல்லாம் எழுதிச் சேர்த்து, பெரிய டாக்டரின் கீழே ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். கட்டம் போட்ட நீல நோட்டு ஒன்று கக்கத்திலேயே இருக்கும். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசுவார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பக்கத்துக் கட்டிலில் ஆட்டையாம்பட்டி நெசவுக்காரர் ஒருவர், பெயர் அர்த்தநாரி. அவருக்கு எலும்புக்குப் போய்விட்டது, படத்திலேயே தெரிந்ததாம். நாங்கள் வருவதற்கு முன்பே ஆபரேஷன் ஆகிக் கிடந்தார். அவர் சம்சாரம் பாவாயி என்னைவிடப் பத்து வயது இளையவள். என் சேலையையும் சேர்த்துத் துவைத்துப் போடுவாள். வேண்டாம் என்றால், "உங்க ஒரு சீலையில என் கையி தேஞ்சா போயிருமுங்க?" என்பாள். என் மகள் வாழப்பாடியிலிருந்து ரெண்டு நாளுக்கு ஒரு தரம் பஸ் ஏறி வருவாள். ராகிக் களி, கீரை, ஒரு தூக்குப்போசி மோர். வந்ததும் அப்பன் காலைப் பிடித்துவிட உட்கார்ந்துவிடுவாள். இவர் அவளிடம் பட்டி ஆடுகளைப் பற்றி மட்டும் கேட்பார்.

இனி எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் நான் ஏன் கொதிக்கிறேன் என்று யாருக்கும் விளங்காது.

அந்தச் சுரப்பி உள்ளே இருப்பது. பின்பக்கம் விரல் விட்டுத்தான் அதைத் தொட்டுப் பார்க்க முடியும். டாக்டர் பார்த்தாகத்தான் வேண்டும், அது வைத்தியம். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு அந்த வார்டில் வகுப்பு. பெரிய டாக்டர் முன்னால் வர, பிள்ளைகள் பின்னால் வருவார்கள். ஆயா வந்து, துணைக்கு இருக்கிற பெண்களையெல்லாம் வெராந்தாவுக்கு விரட்டுவாள். பச்சைத் துணி மறைப்பை இழுத்துவிடுவார்கள். அரை மணி, முக்கால் மணி. இங்கிலீஷ் பேச்சு கேட்கும். சில நேரம் சிரிப்பும் கேட்கும்.

அந்த நாட்களில் இவர் சாப்பிடமாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். முதல் தரம் வலி என்று நினைத்தேன். இரண்டாம் தரம் பயம் என்று நினைத்தேன். மூன்றாம் தரம் கேட்டுவிட்டேன், "உள்ள என்னதான் பண்றாங்க?" என்று.

என் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

சந்தை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆட்டு விலையைத் தரகர்கள் வாயால் பேசமாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் பிடித்த இருவருக்குத்தான் தெரியும். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தால் அஞ்சு, அப்புறம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். வாசலில் விருந்தாளி நிற்கும்போது எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று முந்தானைக்குள் விரலைப் பிடித்துச் சொல்லுவார். அவர்கள் முகத்துக்கு நேரே கேட்கக் கூடாதல்லவா.

அன்று போர்வைக்குள் அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தார். அப்புறம் நாலு.

"ஒம்போது என்னங்க?" என்றேன்.

"பசங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் எழுந்து தண்ணீர்ப் பானையண்டை போய் நின்றுகொண்டேன். நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் நான். என் முன்னால்கூடச் சட்டையைக் கழற்றினால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மனுஷர். ஒன்பது பேர், வரிசையாக. பேர் சொல்லாமல், கும்பிடு போடாமல், 'பெரியவரே, பார்க்கலாமா' என்று ஒரு சொல் கேட்காமல்.

குழாயில் இறங்குகிற நீர் எவ்வளவு என்று தினமும் எழுதிவைக்க வேண்டும். எழுத்துத் தெரிந்த துணையாள் இருந்தால் சிஸ்டர் அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுவார். கட்டில் காலில் ஒரு அட்டை தொங்கும், அதில் தேதியும் அளவும் நான்தான் எழுதுவேன். அன்று தேதிக்குப் பக்கத்தில் ஒன்பது புள்ளி வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும் என்று பட்டது. முந்தின இரண்டு தரமும் எத்தனை என்று கேட்டு, அந்தத் தேதிகளுக்கும் வைத்தேன். அடுத்த வகுப்பன்று எட்டுப் புள்ளி. ஒரு வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் மதராசுக்குப் போயிருந்தார், வகுப்பு இல்லை, புள்ளியும் இல்லை. அன்று இவர் களியை முழுசாகச் சாப்பிட்டார். அடுத்த செவ்வாய் மறுபடியும் ஒன்பது.

ஒரு திங்கட்கிழமை சின்ன டாக்டர் ஒரு தாளோடு வந்தார். வியாழக்கிழமை ஆபரேஷன், சின்னதுதான், கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். தாள் இங்கிலீஷில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன். அவர் என்னைத் துணி அடுக்குகிற அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

ரத்த அளவு மூன்று மடங்கு கூடியிருக்கிறதாம். நோய் பரவிவிட்டது என்று பெரிய டாக்டர் முடிவு கட்டிவிட்டார். ஆண்மைச் சுரப்புதான் இந்த நோய்க்குத் தீனி. தீனியை நிறுத்தினால் நோய் சுருங்கும். அதனால் இரண்டு விதையையும் எடுத்துவிடுவார்கள். "அர்த்தநாரிக்கும் அதான் செஞ்சாங்க அம்மிணி. இடுப்பு வலியில கத்திக்கிட்டு இருந்தவரு இப்ப எழுந்து நடக்கறாரு, பாத்தீங்கல்ல?" என்றார் சிஸ்டர். பார்த்தேன். அந்த ஆபரேஷனை நான் குறை சொல்லவில்லை. வேண்டியவருக்கு அது உயிர். ஆனால் அதைச் 'சின்னது' என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்களே, அந்த வாயை என்ன செய்வது.

இவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மனுஷருக்குச் சொல்கிற வார்த்தை எனக்குத் தெரியவில்லை. "கெடாய்க்குப் பண்ணுவாங்களே, அதுங்க" என்றேன்.

இவர் மேலே சுழல்கிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காயடிச்ச கெடாய் கறிக்குத்தான் போகும்" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னார்: "உசுருக்குன்னாச் செய்யட்டும். நான் வேண்டாங்கல. நெசமா உசுருக்குத்தானான்னு கேட்டுக்க. நீதான் கேக்கோணும், எனக்கு இவங்க மூஞ்சியப் பாக்கப் புடிக்கல."

நான் யாரைக் கேட்பேன்? வெராந்தாவில் நாலு தரம் நடந்தேன். பெரிய டாக்டர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

அன்று பிற்பகல் ஜெகநாதன் அட்டையைப் பார்த்து அளவுகளைத் தன் நோட்டில் எழுதிக்கொள்ள வந்தார். எழுதிக்கொண்டே, "இந்தப் புள்ளியெல்லாம் என்னம்மா?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். சொல்லாமல் விட்டிருப்பேன். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த இவர் முதுகு கண்ணில் பட்டது.

"எத்தன பேரு தொட்டாங்கன்னு" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. அட்டையைக் கழற்றிக்கொண்டு ஜன்னலோரம் போனார். நீல நோட்டைப் பிரித்து, அட்டையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். விரலால் வரி வரியாக வந்தார். ஒரு இடத்தில் நின்றார். திரும்ப மேலிருந்து வந்தார். பக்கத்தில் போய் நின்றேன். எண்ணெல்லாம் எனக்கும் படிக்கத் தெரியும். ஒன்பது புள்ளி வைத்த தேதியில் அவர் நோட்டில் பன்னிரண்டு. எட்டுப் புள்ளிக்குப் பதினொன்று. புள்ளி இல்லாத அந்த வெள்ளிக்கிழமைக்கு மூன்று. அந்த மூன்றை மட்டும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

"இத எதுக்குச் சாமி அடிச்சீங்க?"

"சோதனையில ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு பெரிய டாக்டர் அடிக்கச் சொன்னார்" என்றார். அப்புறம் மெதுவாக, தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார். அந்தச் சுரப்பியை அழுத்தினால் அதில் ஊறியிருப்பது ரத்தத்தில் இறங்கும், மடியைப் பிசைந்தால் பால் இறங்குகிற மாதிரி. ஒன்பது மணிக்கு ஒன்பது பேர் அழுத்தி, பதினோரு மணிக்கு ரத்தம் எடுத்தால் கூடத்தானே செய்யும். அந்த மூன்றுதான் சரியான அளவாக இருக்கலாம்.

"அப்ப நோய் எலும்புக்குப் போகலையா?"

"போகாம இருக்கலாம்மா. தெரியாது. மூணு நாலு நாள் யாரும் தொடாம விட்டு எடுத்தாத் தெரியும்."

"போயிப் பெரிய டாக்டருகிட்டச் சொல்லுங்க."

அவர் நோட்டை மூடினார். தான் ஆராய்ச்சி பழக வந்தவன், பெரிய டாக்டர் முடிவு கட்டியதைத் தப்பு என்று சொல்கிற இடத்தில் தான் இல்லை, சொன்னால் பரீட்சை என்ன ஆகுமோ, தக்க நேரம் பார்த்து ஜாடையாகச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். வியாழக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். எந்தத் தக்க நேரம்?

எனக்கு எங்கிருந்து வந்ததோ, கேட்டுவிட்டேன். "சாமி, இந்தப் புள்ளியில உங்க விரலும் இருக்குதுங்களா?"

அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "இருக்கும்மா. ரெண்டு தடவை" என்றார்.

"அப்பப் பழகுனது என்னுங்க? தொடறது மட்டுந்தானா?"

அட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் செவ்வாய், வகுப்பு நாள். ஆயா வந்து விரட்டினாள். எல்லாப் பெண்களும் எழுந்து போனார்கள். நான் போகவில்லை. அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கட்டில் தலைமாட்டில் நின்றேன். பெரிய டாக்டர் உயரமானவர், மூக்குக் கண்ணாடி. பின்னால் பிள்ளைகள், அவர்களோடு ஜெகநாதன்.

"வெளிய இரும்மா" என்றார்.

"அவரை வெட்டறதுக்கு முந்தி இத ஒருக்காப் பாருங்க" என்று அட்டையை நீட்டினேன். மனசுக்குள் ராத்திரி முழுக்கக் கோர்த்து வைத்திருந்த பேச்சில் அது ஒன்றுதான் வாயில் வந்தது. பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள்.

"புள்ளியா? கோலம் போடறியா?"

"வகுப்புல எத்தன பேரு தொட்டாங்கன்னு வெச்சதுங்க. புள்ளி வெச்ச அன்னிக்கெல்லாம் ரத்தத்துல கூடியிருக்குது. வெக்காத அன்னிக்குக் கொறஞ்சிருக்குது. கொறஞ்சத அடிச்சுப் போட்டிருக்கீங்க. அந்தத் தம்பி நோட்டுல பாருங்க."

"இது யார் சொல்லிக்கொடுத்தது?" என்று பெரிய டாக்டர் திரும்பி ஜெகநாதனைப் பார்த்தார். அந்தப் பிள்ளை தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிஸ்டர்தான் மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "முதல் ரெண்டு நாள் தவிர, புள்ளி அந்தந்த நாள்லயே வெச்சதுதான் சார், நான் தெனமும் அட்டையைப் பாக்கறேன்" என்றார். அவர் சொன்னதால் ஒன்று நடந்தது. பெரிய டாக்டர் கையை நீட்டி நீல நோட்டை வாங்கினார்.

அவர் மடையர் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிள்ளைகளிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், எல்லாரும் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். என்னிடம், வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்போம், அதுவரை இந்தக் கட்டிலைத் தொட வேண்டாம், ஆபரேஷன் அப்புறம் என்றார். தப்பாகிவிட்டது என்று சொல்லவில்லை. இவரைப் பார்க்கவே இல்லை.

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்னது தப்பாக இருந்து, நோய் நிஜமாகவே எலும்புக்குப் போயிருந்தால்? நாள் தள்ளிப்போட்டு நானே இவரைக் கொன்றவள் ஆவேனே என்று பயம். பாவாயி என் வாயில் களியை உருட்டித் திணித்தாள். "பொட்டச்சி வாயத் தொறந்தா மழ வருமுன்னு சொல்லுவாங்க, வெசம் வருமுன்னு ஆரும் சொல்லல, நீங்க பேசுனதால ஆரும் சாவ மாட்டாங்க. தின்னுங்க" என்றாள். மகள் வந்தாள், விஷயத்தைக் கேட்டு அழுதாள், அழுதுகொண்டே அப்பனுக்கு முகம் மழித்துவிட்டாள்.

சனிக்கிழமை பதில் வந்தது. மூன்று.

சிஸ்டர் ஓடிவந்து சொன்னார். இவரிடம் சொன்னேன். "மூணுங்க. எலும்புக்குப் போகல. வெட்ட மாட்டாங்க." இவர் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. நான் துடைக்கவில்லை. துடைத்தால் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்துவிடுமே.

வழியை அடைத்த சதையை மட்டும் எடுப்பது, அப்புறம் மாதம் ஒரு தரம் வந்து காட்டுவது என்று முடிவானது. ஜெகநாதன் வந்து, "நீங்க பெரிய காரியம் பண்ணிட்டீங்கம்மா, இது ஒரு கண்டுபிடிப்பு, கட்டுரையில இதத்தான் எழுதப்போறேன்" என்றார். அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். அவருக்கு அது தோன்றவே இல்லை. இனிமேல் இந்த வார்டில் விதி மாறிவிட்டது என்றார், ரத்தம் காலை எட்டு மணிக்கே எடுத்துவிடுவார்களாம், வகுப்புக்கு முன்னால்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாற்றியது ரத்தம் எடுக்கிற நேரத்தைத்தான். வகுப்பு ஒன்பது மணிக்கு அப்படியே இருக்கிறது.

செவ்வாய் வந்தது. எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒன்பதுக்கு ஆயா விரட்டினாள். பெரிய டாக்டர் வந்தார். இந்தத் தரமும் நான் நகரவில்லை. தலைமாட்டிலேயே நின்றேன்.

"இன்னும் என்னம்மா? அதான் ரத்தம் எடுத்தாச்சே" என்றார்.

"சந்தையில ஆட்டு இடுப்பைத் தொட்டுப் பாக்கறவன்கூட ஆட்டுக்காரன ஒரு வார்த்த கேட்டுட்டுத்தானுங்க தொடுவான்" என்றேன். "இவரப் பத்தி நோட்டுல பக்கம் பக்கமா எழுதிட்டீங்க. ஒரு வார்த்த கேக்கல. கேட்டுட்டுத் தொடுங்க."

ஒரு பிள்ளை மறைப்புத் துணியை இழுக்கப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். பெரிய டாக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, ஒன்றரை மாதத்தில் முதல் தரமாக, இவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"பெரியவரே, பசங்க பாக்கலாமா?"

இவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். வேட்டியை இழுத்து முடிந்துகொண்டார்.

"வேண்டாமுங்க" என்றார்.

பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். சரி என்றார். பிள்ளைகளைக் கையைக் காட்டி அழைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அர்த்தநாரி அவர்களைப் பார்த்ததும், பழகியவர் மாதிரி, தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஒருவன் பச்சைத் துணியை இழுத்துவிட்டான். அங்கே யாரும் கேட்கவில்லை.

நான் வெராந்தாவுக்கு ஓடினேன். பாவாயி கொடியில் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஈர மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "என்னுங்கக்கா, என்ன ஆச்சு?" என்று பதறினாள்.

"ஒண்ணும் ஆகல. உள்ள வா. வந்து உங்க ஊட்டுக்காரரு பக்கத்துல நில்லு" என்றேன்.